ரெக்கார்டு நோட்டும் அமானிதமே

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் காலத்தில், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மிடம் ஆண்டுதோறும் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. "பிள்ளை விலங்கியல் எடுத்திருக்கிறான், தவளையை அறுக்கச் சொல்வார்களாமே, கூடுமா? பெண் பிள்ளைக்கு விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்களாம், உளூ முறியுமா? பரிணாமம் படித்தால் ஈமான் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை லேப் வைத்தால் ஜும்ஆவுக்கு என்ன செய்வது?" இவை அனைத்தும் நல்ல கேள்விகளே. ஹலால் ஹராமைப் பற்றிய அச்சம் ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இவையே அடையாளம். ஆயினும் அந்த ஆய்வகத்தில் நம் பிள்ளைகளின் மார்க்கத்திற்கு உண்மையிலேயே சோதனையாக அமையும் ஒரு விஷயத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்கப்பட்டவற்றுக்குச் சுருக்கமாக விடை கூறிவிட்டு, கேட்கப்படாத அதனைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

காரைக்கால் சிறிய நிலப்பரப்பு. கிழக்கே கடல், மற்றப் பக்கங்களில் தமிழ்நாடு. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் நீங்கிய இவ்வூரில், கடல் கடந்து பொருள் தேடுவதே ஆண்பிள்ளையின் வழி என்று எண்ணிய தலைமுறைகள் இருந்தன. இன்று அறிஞர் அண்ணா அரசு கலை, அறிவியல் கல்லூரி இருக்கிறது. ஔவையார் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. 1987 முதல் வேளாண் கல்லூரி இயங்குகிறது. ஜிப்மரின் கிளையும் வந்துவிட்டது. உயிரியல் படிக்க நம் பிள்ளைகள் ஊரை விட்டுச் செல்ல வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஆகவே அந்தப் பாடத்தைப் பற்றிப் பெற்றோர் சரியாக அறிந்திருப்பது அவசியமாகிறது.

முதலில் தவளை. மருந்துக்காகத் தவளையைப் பயன்படுத்துவது பற்றி ஒரு மருத்துவர் வினவியபோது, அதனைக் கொல்ல வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் இடம்பெறும் அறிவிப்பு மதரஸா மாணவர்கள் அறிந்ததே. ஆகவே பெற்றோரின் தயக்கத்திற்கு ஆதாரம் உண்டு. ஆனால் இந்தக் கவலை பெரும்பாலும் பழைய காலத்துக் கவலை. கல்லூரிகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வழிகாட்டியது. 2014இல் இளநிலை, முதுநிலைப் பாடங்களில் அதனை நிறுத்தும்படி அறிவித்தது. தந்தையர் காலத்தில் மெழுகுத் தட்டில் குண்டூசியால் பதிக்கப்பட்ட தவளையை, பிள்ளைகள் இன்று படத்திலும் மாதிரியிலும் கணினித் திரையிலும்தான் காண்கின்றனர். உணவுக்குப் பிடிபட்ட மீனின் செதிலையும் இறாலின் உறுப்புகளையும் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் படிப்பது பல இடங்களில் நடக்கிறது. மீன் நமக்கு ஹலாலான உணவு. அதன் செதிலைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன தடை இருக்க முடியும்?

அடுத்து இரத்தம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், விரலிலிருந்து வெளிப்படும் இரத்தத்தால் உளூ முறிவதில்லை. ஹனஃபி மத்ஹபில் இரத்தம் வழிந்தோடினால் முறியும். அவர்கள் மீண்டும் உளூச் செய்துகொள்ளலாம். இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. குத்திய இடத்தையும் ஆடையையும் கழுவிவிட்டுத் தொழுவதில் சிரமம் ஏதுமில்லை. பெண்ணின் விரலைப் பெண்ணே பிடித்துக் குத்துமாறு கேட்டுக்கொள்வதற்கு எந்த ஆசிரியரும் மறுப்புச் சொல்லமாட்டார். ஆடையைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை மட்டும்: ஸ்பிரிட் விளக்கின் அருகில் தொங்கும் துப்பட்டா முனை ஆபத்தானது. அதனை மடித்துச் செருகி, மேலே லேப் கோட்டு அணிந்துகொண்டால் மானமும் காக்கப்படும், உயிரும் காக்கப்படும். ஜும்ஆவைப் பற்றி, பருவத் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் மரியாதையோடு பேசிவிடுவது நல்லது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சொல்லாமல் எழுந்து போவதுதான் மனக்கசப்பை உண்டாக்குகிறது.

பரிணாமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிரியலாளர்கள் என்ன கூறுகின்றனர், எந்த ஆதாரங்களைக் காட்டுகின்றனர் என்று தேர்வில் கேட்டால், அவர்கள் கூறுவதை உள்ளபடி எழுதுவது பொய்யாகாது. பிறர் கருத்தை நேர்மையாக எடுத்துரைக்கும் பழக்கம் நம் பிக்ஹு நூல்களிலேயே பக்கத்துக்குப் பக்கம் உண்டு. கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறுவது மருத்துவமனைகளில் கண்ணால் காணும் செய்தி. ஆதம் (அலை) அவர்களின் படைப்பைப் பற்றிய நம் ஈமான் வஹீயிலிருந்து வருவது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திப் பார்ப்பது என்பதில் இக்கால ஆலிம்களிடையே விரிவான பேச்சு நடக்கிறது. பிள்ளைக்கு ஐயம் எழுந்தால் அதனை நம்மிடம் கொண்டு வரட்டும். கேள்வி கேட்ட பிள்ளையை வாயடைக்கச் செய்வதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

இனி, கேட்கப்படாத விஷயத்திற்கு வருவோம்.

ஆய்வகப் பாடம் உள்ள ஒவ்வொரு மாணவரும் ஒரு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். இடப்பக்கம் படம், வலப்பக்கம் விளக்கம். செய்த சோதனை, கண்ட காட்சி, கிடைத்த முடிவு ஆகிய மூன்றும் அதில் இடம்பெறும். அதன் முதல் பக்கத்தில் ஒரு சான்று அச்சிடப்பட்டிருக்கும்: உள்ளே இருப்பது இந்த மாணவர் ஆய்வகத்தில் தாமே செய்த வேலையின் உண்மையான பதிவு என்பதே அதன் பொருள். அதில் மாணவர் பெயரும் பதிவு எண்ணும் எழுதப்படும். ஆசிரியரும் துறைத் தலைவரும் கையொப்பம் இடுவர். செய்முறைத் தேர்வன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் அதனைப் பார்த்து ஒப்பமிடுவார்.

நடப்பது என்ன? எந்த ஒரு கல்லூரியையும் நாம் சுட்டவில்லை. இது நாடு முழுவதும் பரவிவிட்ட வழக்கம். மேல் வகுப்பு மாணவரின் ரெக்கார்டை வாங்கி இரவோடு இரவாகப் பார்த்து எழுதுவது ஒரு வகை. படம் வரையத் தெரிந்தவரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்குவது மற்றொரு வகை. வீட்டில் லாத்தாவின் கை நேர்த்தியானது என்பதால் தம்பியின் நோட்டை அவர் வரைந்து கொடுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பெற்றோரே ஏற்பாடு செய்கின்றனர். பாசத்தோடு பாராட்டவும் செய்கின்றனர். செய்யாத சோதனைக்கு முடிவு எழுதுவதும், காணாத உயிரணுவுக்குப் படம் போடுவதும் குற்றமாகவே எவருக்கும் தோன்றுவதில்லை. தவளைக்குக் கவலைப்பட்ட வீட்டில் இதற்கு ஒரு சலனமும் இல்லை.

இதன் பெயர் என்ன என்பதை ஹதீஸ் கலை படித்தவர்கள் அறிவர். ஓர் அறிவிப்பாளர் தம் ஆசிரியரிடம் நேரில் செவியுற்றிருந்தால் "ஹத்தஸனா" என்பார். நேரில் கேளாமல் இடையில் வேறொருவர் வழியாக வந்த செய்தியை, நேரில் கேட்டது போல் தோன்றுமாறு சொல்லை மழுப்பி அறிவித்தால் அதற்குத் "தத்லீஸ்" என்று பெயர். ஷுஃபா (ரஹ்) போன்ற இமாம்கள் இதனை மிகக் கடுமையாகக் கண்டித்தனர். செய்தி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் "நான் கேட்டேன்" என்ற தோற்றம் பொய். தத்லீஸ் செய்பவர் என அறியப்பட்டவரின் மழுப்பலான அறிவிப்பை ஹதீஸ் அறிஞர்கள் ஏற்க மறுத்தனர். வேறொருவர் நோட்டிலிருந்து எடுத்த படம் சரியான படமாகவே இருக்கலாம். ஆனால் "நான் கண்டேன்" என்பது பொய். முதல் பக்கத்துச் சான்று அந்தப் பொய்க்குப் பிறரையும் சாட்சியாக்குகிறது.

அறியாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்றும் திருக்குர்ஆன் எச்சரிக்கிறது. சந்தையில் தானியக் குவியலின் மேற்பரப்பைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் கடந்து போய்விடவில்லை. கையை உள்ளே நுழைத்தார்கள். ஈரம் விரலில் பட்டது. மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். நெல் விளையும் இந்த மண்ணில் வாழும் நமக்கு அந்த ஈரக் குவியலை விளக்க வேண்டியதில்லை. மேலே அழகிய படமும் அடியில் ஈரமுமாக இருக்கும் ரெக்கார்டும் அந்த வகையைச் சேர்ந்ததே.

"இது சிறிய விஷயம், மதிப்பெண்ணுக்காகச் செய்வது" என்று சிலர் கூறுவர். ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் அப்படிக் கூற மனம் வராது. முதலாண்டில் வெங்காய வேர் நுனியை நசுக்கி அசிட்டோகார்மைன் சாயமிட்டு, செல் பிரிவதைப் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. பாடநூலில் நான்கு நிலைகளும் வரிசையாக, தெளிவாக இருக்கும். மாணவர் தாமே செய்த ஸ்லைடிலோ செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பெரும்பாலானவை பிரியாத நிலையிலேயே இருக்கும். கறுத்த விளிம்போடு வட்டமாகத் தெரியும் காற்றுக் குமிழியைச் செல் என்று எண்ணிப் பலர் ஏமாறுவர். கடற்காற்றின் ஈரத்தால் சில லென்சுகளில் பூஞ்சை படிந்திருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு செல்லில் நூலிழைகள் இருபுறமும் விலகிச் செல்வதைக் கண்டுபிடிக்கும்போது, அந்தப் பிள்ளை படைத்தவனின் வேலைப்பாட்டைத் தன் கண்ணால் கண்டதாகிறது. ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது என்று பார்க்கச் சொன்ன வேதத்தை ஓதுபவர்கள் நாம். பிறர் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை இழப்பது இந்தப் பார்வையைத்தான்.

இழப்பு அத்தோடு நிற்பதில்லை. இரத்த வகை காணும் சோதனையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டில் மூன்று துளி இரத்தம்; அவற்றில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி என்னும் மருந்துகள் ஒவ்வொரு துளி. எங்கே இரத்தம் திரண்டு துகள் துகளாகிறதோ அதனைக் கொண்டு வகை முடிவாகும். இதில் கண்டதை எழுதாமல் பக்கத்து மாணவரைப் பார்த்து எழுதிப் பழகிய கை, நாளை ஒரு மருத்துவமனையின் சோதனைக் கூடத்தில் வேலைக்கு அமரக்கூடும். வகை மாறி ஏற்றப்படும் இரத்தம் உயிரைப் பறிக்கும். அங்கே போய் நேர்மையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. முதலாண்டு ரெக்கார்டில் கற்றதே அங்கும் வரும்.

கண்டதை உள்ளபடி எழுதியவர்களால் உயிர்கள் காக்கப்பட்ட வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. சாதாரணச் சோதனையில் 'ஓ' வகை போலத் தோன்றியும், 'ஓ' இரத்தத்தோடுகூடச் சேராத இரத்தம் சிலருக்கு இருப்பதை மும்பையில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய தோழர்களும் 1952இல் அறிவித்தனர். உலகம் முழுவதும் இன்று 'பாம்பே இரத்த வகை' என்று அறியப்படுவது அதுவே. நூலில் இருந்த நான்கு வகைகளில் ஒன்றுக்குள் எப்படியாவது அடக்கி எழுதியிருந்தால், அந்த வகையினருக்கு எந்த இரத்தம் ஏற்றலாம் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

நம் முன்னோரிலும் ஓர் உதாரணம் உண்டு. இப்னுந் நஃபீஸ் (ரஹ்) டமாஸ்கஸில் கற்று கெய்ரோவில் மருத்துவம் செய்து 1288இல் மறைந்தவர். ஷாஃபிஈ பிக்ஹையும் மதரஸாவில் கற்பித்தவர். இதயத்தின் வலது அறையிலிருந்து நடுச்சுவரில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே இரத்தம் இடது அறைக்குச் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதனையே எல்லோரும் எழுதி வந்தனர். இப்னு சீனாவின் நூலும் அவ்வழியில் நின்றது. அந்நூலுக்கு விளக்கம் எழுதும்போது இப்னுந் நஃபீஸ், அச்சுவர் கெட்டியானது, அதில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப்பக்கம் சேர்கிறது என்று எழுதினார். அறுத்துப் பார்ப்பதை ஷரீஅத்தும் தம் இரக்கமும் தடுத்தன என்று எழுதிய அதே மனிதர், பெரியவர்கள் எழுதினார்கள் என்பதற்காக இல்லாத துளையை இருப்பதாக எழுத மறுத்தார். இப்படிப்பட்டவர்களைக் கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிறோம். அவருடைய பெயரைச் சொல்லும் வீட்டுப் பிள்ளை காணாததைக் கண்டதாக எழுதலாமா?

மாணவர்கள் ஒரு நியாயமான தடையை எடுத்துரைப்பர். "நாங்கள் கண்டதை வரைந்தால் கோணலாக இருக்கும், பார்த்து எழுதியவனுக்கே மதிப்பெண் கிடைக்கும்." சில இடங்களில் இது உண்மைதான், அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. பத்து மாணவருக்கு ஒரு நுண்ணோக்கி இருந்தால் எல்லோருக்கும் காண வாய்ப்புக் கிடைக்காது என்பதும் உண்மை. ஆகவே எது கூடும், எது கூடாது என்பதை வரையறுத்துக் கொள்வோம். எதைத் தேட வேண்டும் என்று அறியப் பாடநூல் படத்தைப் பார்த்துவிட்டு நுண்ணோக்கியில் கண் வைப்பது கூடும். வரையும் முறையை மூத்த சகோதரியிடம் கற்றுக்கொள்வது கூடும். கற்றுக் கொடுப்பது அவருக்கு நன்மையாக எழுதப்படும். தம் ஸ்லைடு சரியாக வராதபோது ஆய்வகத்தில் உள்ள நிரந்தர ஸ்லைடைப் பார்த்து வரைந்து, அவ்வாறே கீழே குறிப்பிடுவது கூடும். பாடநூலிலிருந்து எடுத்ததை அவ்வாறே ஒப்புக்கொண்டு எழுதுவதும் கூடும். இவற்றால் ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். காணாததைக் கண்டதாக எழுதுவதும், பிறர் வேலையைத் தன் பெயரில் வைப்பதும் மட்டும் கூடா. அமானிதத்தில் அது மோசடி.

"முடிவு சரியாக வரவில்லை" என்று எழுதுவதற்குப் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை. சாயம் அதிகமாகிவிட்டது, வேர் நுனியைப் பறித்த நேரம் பிந்திவிட்டது என்று காரணத்தையும் சேர்த்து எழுதினால், நல்ல ஆசிரியர் அதில் மாணவரின் உழைப்பைக் காண்பார். விரிவுரையாளர்களாகப் பணிபுரியும் நம் சமுதாயச் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கோணலான உண்மைப் படத்திற்கு, நேர்த்தியான பொய்ப் படத்தைவிட ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள். உங்கள் பேனாவால் முடிகிற நற்செயல் அது.

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. ரெக்கார்டு வரைந்து வாங்கப் பிள்ளை பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மகளின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்து மகனின் நோட்டை நிரப்பச் சொல்லாதீர்கள். அதில் பொய்யோடு அநீதியும் சேர்கிறது. மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். மீன் வாங்கி வரும் நாளில் உம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு இறாலை எடுத்து அதன் உறுப்புகளை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பது இணைகள் இருக்க வேண்டும். மத்தியின் செதில் வழவழப்பாகவும், கொடுவாயின் செதிலில் ஓரம் சீப்புப் பல்லைப் போலவும், சுறாவின் தோல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகவும் இருப்பதைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரியில் எழுதப்போவது இதைத்தான். கடலோரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தின் பாதி அடுக்களையிலேயே இருக்கிறது.

மதரஸாக்களுக்கும் இதில் பங்குண்டு. மனனம் செய்வது நம் பெருமை. அதனைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் மனனத்தோடு சேர்த்து, யார் சொன்னது, நேரில் கேட்டாரா என்று விசாரிக்கும் இஸ்னாதின் ஒழுக்கத்தையும் சிறு வயதிலேயே கதைகளாகச் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை எந்த ஆய்வகத்திற்குப் போனாலும் அந்த ஒழுக்கம் உடன் செல்லும். ஹதீஸுக்கு வேண்டிய நேர்மையும் ஸ்லைடுக்கு வேண்டிய நேர்மையும் வேறு வேறு அல்ல.

இந்த ஆண்டு உயிரியல் பாடத்தில் சேரும் பிள்ளைகளை அச்சமின்றி அனுப்பி வையுங்கள். அவர்கள் கையில் கொடுக்கும் புதிய ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, அதில் அச்சிடப்பட்டிருக்கும் சான்றை ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். அதில் எழுதப்படும் பெயர் உங்கள் பிள்ளையின் பெயர்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கண்டதைக் கண்டபடி சொல்லும் நாவையும் எழுதும் கரத்தையும் அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.